வெள்ளித் தடியும் ஊறல் தொட்டியும்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. பாபநாசத்தில் என் அரிசி ஆலையில் மோட்டார் பார்க்கிறவர் டிப்ளமோ, வாசலில் நின்று லாரிக்கு வழி சொல்கிறவர் எம்.ஏ. அவர்களைப் படிக்க வைத்தது அவரவர் அப்பா. சோறு போடுவது நான். நெல் ஊறும் தொட்டி நாறுகிறது என்று மூக்கைப் பிடிப்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் கும்பகோணம் வரைக்கும் பிரசித்தம்: "அது நாத்தம் இல்லய்யா, லட்சுமி வாசனை." ஆகவே, அரிசி ஆலைக்காரர்கள் சங்க மலருக்கு ஹாலந்துப் பயணத்தைப் பற்றி எழுதித் தரும்படி என்னைக் கேட்டபோது, சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று பட்டது.

போன காரியம் இது. என் ஒரே மகள் மங்கை அங்கே ஒரு பழைய பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு நான்கு வருடமாக ஆராய்ச்சி செய்தாள். என்ன ஆராய்ச்சி என்று கேட்டபோது போனில் "நெல்லு பத்திப்பா" என்றாள். எனக்கு அது போதும். புது ரக நெல் ஒன்று கண்டுபிடிக்கிறாள் என்று நானே முடிவு செய்து, 'கோவிந்தசாமி பொன்னி' என்று என் பேரையே அதற்கு வைத்து, தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வரைக்கும் விதைக் கடைக்காரர்களிடம் சொல்லியும் விட்டிருந்தேன்.

ஹாலந்தில் அப்போது பழைய பணம் போய் ஈரோ வந்த புதிது. முதல் நாள் ரயிலடியில் மங்கையோடு சாகுல் பாய் நின்றார். கீழ்வேளூர்க்காரர், குவைத்தில் பத்து வருடம் சமையல் செய்துவிட்டு, இங்கே வந்து சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, ஓடம்போக்கி ஆத்துல தண்ணி வந்துடுச்சா?"

"மேட்டூர் தெறந்தாச்சு பாய். இன்னும் கீழ எறங்கல."

"எப்பதான் எறங்கிருக்கு," என்றபடி என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏறினார். மங்கையும் ஏறினாள். நான் ஏறவில்லை. காரணம், பக்கத்துக் கடையில் கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதர், ஒரு மீனின் மேல் வெங்காயத்தைத் தூவி, வாலைப் பிடித்துத் தூக்கி, அண்ணாந்து வாயில் இறக்கிக்கொண்டிருந்தார். வேகாத மீன். வறுக்காத மீன். முழுசாக உள்ளே போகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினால் ரயில் கதவு மூடியிருந்தது. கை தூக்கினேன். பாபநாசத்தில் நான் கை தூக்கினால் தஞ்சாவூர் பஸ் நிற்கும். டிரைவர், "மெதுவா வாங்க மொதலாளி" என்பார். இங்கே கண்ணாடிக்கு உள்ளே மகளும் பாயும் வாயை அசைத்தார்கள். என் கை தூக்கினபடி இருக்க, ரயில் போய்விட்டது. கால் மணி கழித்து அடுத்ததில் போய்ச் சேர்ந்தேன்.

"இங்க எல்லாம் டயத்துக்குத்தான் அண்ணே," என்றார் பாய். "சாவுக்கு வர்றவன்கூட கடிகாரத்தப் பாத்துட்டுத்தான் அழ ஆரம்பிப்பான்."

மகள் வீட்டில் ரொட்டியும், அதன் மேல் எலிப் புழுக்கை மாதிரி சாக்லேட் துகளும் சாப்பிட்டேன். வளர்ந்த ஆண்பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பால் குடிக்கும் தேசம் அது. கையைக் கழுவிவிட்டுக் கேட்டேன்.

"பாப்பா, நெல்லு எங்க?"

"என்ன நெல்லுப்பா?"

"கண்டுபிடிச்ச நெல்லு."

அவள் மேசை மேலிருந்த நாலு கட்டுக் காகிதத்தைக் காட்டினாள். "இதுலதாம்ப்பா இருக்கு."

விஷயம் இதுதான். பல தலைமுறைக்கு முன்னால் ஐரோப்பாவிலிருந்து நம் கடற்கரைக்கு ஒரு பாதிரியார் வந்திருக்கிறார். நாற்று விடுவதிலிருந்து போர் அடிப்பது வரை நம் பக்கத்து வெள்ளாமையைப் பற்றி ஊருக்குக் கடிதம் கடிதமாக எழுதியிருக்கிறார். எல்லாம் லத்தீன் பாஷையில்.

"அவன் பாஷையில எழுத வேண்டியதுதானே?"

"அவங்க ஊர்க்காரங்களுக்கு மட்டும் புரிஞ்சா போதாதுப்பா. ஜெர்மன்காரன், போலந்துக்காரன், இத்தாலிக்காரன், யாரா இருந்தாலும் படிச்சவன்னா லத்தீன்தான். சட்டம், வைத்தியம், சாமி, நட்சத்திரம் எல்லாம் அதுலதான் எழுதுவாங்க."

"இப்ப யார் பேசுறா?"

"யாரும் பேசுறதில்ல."

"ஆக, யாரும் பேசாத பாஷையில யாரும் படிக்காத கடுதாசிய நாலு வருஷமா படிச்சிருக்க."

"ஆமாப்பா." எதற்கும் எதிர்த்துப் பேசாமல் ஆமாப்பா என்று சொல்லிவிட்டு, தான் நினைத்ததைச் செய்வது அவள் பழக்கம்.

எனக்கு அதிர்ச்சி கொஞ்ச நேரம்தான். நிலத்தோடு புழங்குகிறவனுக்கு இது புதிதில்லை. தாலுக்கா ஆபீசில் நாம் ஜமாபந்தி என்கிறோம், பசலி என்கிறோம், தாசில்தார் என்கிறோம். அந்த வார்த்தைகளைப் பேசிய நவாபுகள் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆயிற்று. ஆனாலும் பசலி வருஷம் தப்பாக விழுந்தால் ஆபீசில் காகிதத்தைத் தூக்கி எறிகிறார்கள். பேசியவன் செத்தாலும் பாஷை நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.

ஆனால் மகள் முகம் சரியில்லை. பிறகு சொன்னாள். நான்காம் நாள் பரீட்சை. எழுத்துப் பரீட்சை இல்லை. சபை முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். சரியாக நாற்பத்தைந்து நிமிடம். ஆறு பேராசிரியர்களில் ஒருவர், வயதானவர், அவள் எழுதியதை ஒப்புக்கொள்ளாதவர். பாதிரியார் ஒரு கடிதத்தில், இந்த ஊர்ப் பெண்கள் நெல்லை வேக வைத்துக் காய வைத்துப் பிறகு குத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். அதைப் புத்தகமாகப் போட்ட மேதை ஒருவர், 'எழுதியவர் காய்ச்சலில் இருந்ததால் வரிசை மாறிவிட்டது' என்று கீழே ஒரு குறிப்பும் போட்டுவிட்டார். பின்னால் வந்த எல்லாரும் அந்தக் குறிப்பையே பார்த்து எழுதினார்கள். மகள் ஒருத்திதான், பாதிரியார் எழுதியது சரி, மேதை எழுதியது தப்பு என்கிறாள். வயதான பேராசிரியர் அந்த மேதையின் மாணவர்.

"அவரு ஒருத்தரு கெட்டியா மறுத்தா, நாலு வருஷமும் போச்சுப்பா."

இரண்டாம் நாள் அவள் படிக்க உட்கார்ந்துவிட்டாள். பாய் எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டினார். செத்துப்போன பாஷை என்று மகள் சொன்னாளே தவிர, அது இல்லாத இடமில்லை. வாசல் வளைவில் லத்தீன். மருந்துக் கடை ஜாடியில் லத்தீன். ஜூலையும் ஆகஸ்டும் ரோமாபுரி ராஜாக்கள் இரண்டு பேர் பெயராம். நம் ரேஷன் கடைக் காலண்டரில் அவர்கள் இத்தனை நாள் ஓசியில் குடியிருந்தது எனக்குத் தெரியாது.

ஒரு மாதா கோவிலுக்குள் போனோம். செருப்பை வாசல் படியில் விட்டேன். பாய் வேண்டாம் என்று சொல்லியும் விட்டேன். உள்ளே தரையெல்லாம் கல்லறைக் கல், எல்லாவற்றிலும் லத்தீன். பூசை முடிந்த சாம்பிராணி வாசனை இருந்தது. எங்கள் வீட்டிலும் தினம் சாம்பிராணி உண்டு, என் மனைவியின் பக்தி அப்படி என்று பாயிடம் பெருமையாகச் சொன்னேன். மெழுகுவர்த்தி விற்ற ஒரு அம்மாள் பேச்சுக் கொடுத்தார். பாய் மொழிபெயர்த்தார்.

"சின்ன வயசுல எல்லாம் லத்தீன்லதான் ஓதுவாங்களாம். ஒண்ணும் புரியாதாம், கோவில் நெறஞ்சு வழியுமாம். அப்புறம் அவங்க பாஷைக்கு மாத்திட்டாங்களாம். இப்ப எல்லாம் நல்லா புரியுதாம். ஆளத்தான் காணுமாம்."

"நம்மூர்ல கல்யாண மந்திரம் எல்லாருக்கும் புரியுற மாதிரி சொன்னா என்னாவும் பாய்?"

"மாப்ள எந்திரிச்சு ஓடிடுவான்."

"உங்க பக்கம்?"

"எங்களுக்கும் அப்படித்தான் அண்ணே. அரபுல ஓதுறப்ப அழுவேன். அர்த்தம் கேட்டா பள்ளிவாசல் ஹஜ்ரத்தத்தான் காட்டுவேன்."

வெளியே வந்தால் செருப்பைக் காணோம். குப்பை கூட்டுகிறவர் யாரோ குடிகாரன் விட்டுப் போனது என்று தொட்டியில் போட்டிருந்தார். நம்மூரில் கோவில் வாசலில் செருப்பு திருட்டுப் போகும். அதிலாவது ஒரு மதிப்பு இருக்கிறது.

அங்கிருந்து பல்கலைக்கழகத் தோட்டத்துக்குப் போனோம். ஒரு கண்ணாடி வீடு. உள்ளே நம் பங்குனி வெயில் போல் சூடு வைத்திருக்கிறார்கள். நடுவில் தொட்டித் தண்ணீரில் ஒரே ஒரு நெல் குத்து, கலெக்டர் வீட்டுக் குழந்தை மாதிரி. முன்னால் லத்தீனில் பெயர்ப்பலகை. நெல்லைக் கண்டதில் எனக்கு மனசு நிறைந்தது. பக்கத்திலேயே கோரை முளைத்து நெல்லை விடப் பெரிதாக நின்றது. இப்படியா வைப்பார்கள்? குனிந்து வேரோடு பிடுங்கிக் கரையில் போட்டேன். பச்சைச் சட்டைக்காரர் ஓடிவந்தார். கோரைக்கும் தனியாக ஒரு லத்தீன் பெயர்ப்பலகை இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"அது களை இல்லையாம் அண்ணே, காட்சிப் பொருளாம்," என்றார் பாய். "திரும்ப நட்டுக் குடுக்கச் சொல்றாரு."

முழங்கால் வரைக்கும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நட்டுக் கொடுத்தேன். டெல்டாக்காரர்களில் கோரையை நட்ட முதல் மனுஷன் நான்தான். அதையும் ஹாலந்தில் நட்டேன்.

மூன்றாம் நாள் பரீட்சை மண்டபத்தைப் பார்க்கப் போனேன். அங்கேதான் தடிக்காரரைச் சந்தித்தேன். நம் கோவிலில் சாமி புறப்பாட்டின்போது வெள்ளித் தடியோடு முன்னால் கட்டியம் கூறிப் போவாரே, அந்த மாதிரி. கறுப்பு அங்கி, தடியின் தலையில் வெள்ளிப் பூண், அசைத்தால் மணி குலுங்கும். நாற்பத்தைந்தாவது நிமிடம் அவர் கதவைத் திறந்து உள்ளே வந்து, தடியைத் தரையில் தட்டி, லத்தீனில் 'ஹோரா எஸ்ட்' என்பார். நேரமாகிவிட்டது என்று அர்த்தம். ஜோசியர் சொல்லும் ஓரையும் இந்த ஹோராவும் தூரத்துச் சொந்தம் என்று மகள் சொன்னாள். அவர் சொல்லிவிட்டால் அவ்வளவுதான். கேள்வி பாதியில் நின்றாலும் நின்றதுதான், பதில் பாதியில் நின்றாலும் நின்றதுதான். மேற்கொண்டு ஒரு வார்த்தை யாரும் பேசக் கூடாது.

இதைக் கேட்டதும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. முப்பது வருடமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவன் நான். அதிகாரியைப் பார்ப்பவன் அசடன்; அவர் அறைக்கதவைத் திறக்கிறவனைப் பார்ப்பவன்தான் ஆலை கட்டுவான். மகளுக்காகக் கொண்டுபோன அசோகா அல்வா டப்பாவையும், பேராசிரியர்களுக்கு என்று வைத்திருந்ததில் ஒரு சரிகைப் பொன்னாடையையும் எடுத்துக்கொண்டு பாயோடு தடிக்காரர் அறைக்குப் போனேன்.

"பாய், கெழவர் கேள்வி கேக்குறப்ப புள்ள தடுமாறுனா, அஞ்சு நிமிஷம் முன்னாடி கதவத் தெறந்து தட்டிடச் சொல்லுங்க. பதவிசா சொல்லுங்க."

"அண்ணே, இது ஹாலந்து."

"மனுஷங்கதானே. சொல்லுங்க."

பாய் சொன்னார். தடிக்காரர் அல்வாவைப் பார்த்தார், பொன்னாடையைப் பார்த்தார், சிரிக்காமல் நீளமாக ஒரு பதில் சொன்னார்.

"கடிகாரம் அவரோடது இல்லையாம். செவுத்தோடதாம். செவுத்த வேணும்னா கேட்டுப் பாக்கச் சொல்றாரு."

ஆனால் டப்பாவையும் பொன்னாடையையும் திருப்பிக் கொடுக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டினார். வாங்கி உள்ளே வைத்துவிட்டால் நம்மூரில் அதற்கு என்ன அர்த்தமோ, அதையே நானும் எடுத்துக்கொண்டேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

நான்காம் நாள். மண்டபத்தில் மூன்றாம் வரிசையில் நானும் பாயும். நான் பட்டு வேட்டி, அங்கவஸ்திரம். மணி அடித்தது. தடிக்காரர் முன்னால் வர, பின்னால் ஆறு பேராசிரியர்கள் கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாக வந்தார்கள். தலைவர் லத்தீனில் இரண்டு வரி சொன்னார். சபை முழுக்க எழுந்து நின்றது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரரிடம் பாயை விட்டுக் கேட்கச் சொன்னேன். அவருக்கும் புரியவில்லையாம். புரிந்திருந்தால் பாதிப் பேர் உட்கார்ந்தே இருந்திருப்பார்கள்.

கேள்வி பதில் இங்கிலீஷில் நடந்தது. பாய் என் காதில் தமிழாக்கிக்கொண்டே வந்தார். முதல் ஐந்து பேர் கேட்டது சம்பந்தி வீட்டில் கேட்கிற மாதிரி, எல்லாம் சௌக்கியம்தானே என்கிற ரகம். பிறகு கிழவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நெல்லை உமியோடு யாராவது வேக வைப்பார்களா? குத்தி அரிசியாக்கிய பிறகுதானே வேக வைப்பார்கள்? என் ஆசிரியர் எழுதிய குறிப்பில் என்ன தப்பு?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தலைவர் என்னைப் பார்த்தார். சிரிக்காமல் என்ன செய்வது? முப்பது வருடமாக நான் நெல்லை உமியோடு அவிக்கிறேன். ஒரு நாடே புழுங்கலரிசிச் சோறு சாப்பிட்டுக் கை கழுவுகிறது. இவர்கள் இரண்டு தலைமுறையாக அதைக் காய்ச்சல் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

மங்கை அதை எடுத்துச் சொன்னாள். கிழவர் விடவில்லை. "அது இன்றைக்கு உள்ள வழக்கம். அன்றைக்கும் அப்படித்தான் என்பதற்குச் சாட்சி என்ன?"

மகள் தண்ணீர் தம்ளரை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. கதவைப் பார்த்தேன். இப்போது வாய்யா, அல்வா தின்றவனே, என்று மனதுக்குள் சொன்னேன். கதவு அசையவில்லை.

பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். காகிதத்தைப் பார்க்காமல் பேசினாள். பாய் குரல் தாழ்ந்தது.

"அதே கடிதத்தில் இரண்டு வரி தள்ளி இருக்கிறது. எல்லாரும் விட்டுவிட்ட வரி. பக்கத்து வீட்டில் நெல்லை மூன்று நாள் ஊற வைக்கிறார்கள், அந்த நாற்றம் சுவரில் ஏறுகிறது, என் அங்கியில் ஏறுகிறது, ஜெபத்தில் என் பக்கத்தில் உட்கார ஆள் வருவதில்லை என்று எழுதுகிறார். அரிசியை மூன்று நாள் யாரும் ஊற வைப்பதில்லை. அவிப்பதற்காக உமியோடு நெல் ஊறினால்தான் அந்த நாற்றம். அது காய்ச்சலில் வரும் கற்பனை இல்லை. எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் என் யூனிபார்மில்—"

கதவு திறந்தது. மணி குலுங்கியது. தடி தரையைத் தட்டியது. ஹோரா எஸ்ட்.

மகள் வாயை மூடிக்கொண்டாள்.

என்னை அறியாமல் எழுந்து நின்றேன். "சித்த இருங்கய்யா. புள்ள பேசி முடிக்கட்டும்."

தமிழில்தான் சொன்னேன். மண்டபமே திரும்பியது. தடிக்காரர் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். பாய் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருங்கண்ணே. நீங்க கேட்டத அவரு செய்யல. அஞ்சு நிமிஷம் முன்னாடின்னு கேட்டீங்க, டயத்துக்கு வந்திருக்காரு. நல்லவேள."

அவர்கள் ஆறு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் பட்டதை எழுதுவதற்கு ஐந்தாம் வகுப்பு போதாது. திரும்பி வந்தார்கள். தலைவர் லத்தீனில் வாசித்து, சிவப்புக் குழாயில் பட்டத்தைச் சுருட்டி மகள் கையில் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். கிழவரும் தட்டினார்.

பிறகு விருந்து என்று சொல்லி, விரல் அளவு ரொட்டியில் நகம் அளவு மீனை வைத்துக் கொடுத்தார்கள். தடிக்காரர் அங்கியின் மேல் என் சரிகைப் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு, டப்பாவில் கரண்டி விட்டு அல்வா தின்றுகொண்டிருந்தார். வேலை முடிந்த பிறகு வாங்கிக்கொண்டால் தப்பில்லையாம். கிழவர் என்னிடம் வந்து கை கொடுத்தார். அந்தக் குறிப்பை மாற்ற வேண்டும் என்று எழுதப் போகிறாராம். "என் ஆசிரியர் எல்லா நூலும் படித்தவர். அவர் வீட்டில் அரிசி சமைத்ததே இல்லை," என்று பாய் வழியாகச் சொன்னார்.

கூட்டம் குறைந்ததும் மகளை ஜன்னல் பக்கம் கூப்பிட்டேன்.

"பாப்பா, யூனிபார்ம்லன்னு நிறுத்துனியே."

"டைம் ஆயிடுச்சுல்லப்பா."

"அவங்களுக்கு ஆச்சு. எனக்குச் சொல்லு."

அவள் சிவப்புக் குழாயை இரண்டு முறை திருப்பினாள். "பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்கப்பா. நான் உள்ள வந்தா 'தொட்டி வருது'ம்பாங்க. ஒம்பதாவது பூரா கடைசி பெஞ்சுல தனியாத்தான் உக்காந்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனேப்பா. தொட்டித் தண்ணிய தெனமும் மாத்தக்கூடாதான்னு கேட்டேன். லட்சுமி வாசனைன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். யூனிபார்மப் பூசை ரூம்ல மடிச்சு வச்சு, தெனம் சாம்பிராணி போடுவாங்க."

ஒரு தட்டில் மீன் ரொட்டி வந்தது, எடுத்துச் சாப்பிட்டேன். வேகாத மீன்தான். இறங்கிவிட்டது.

ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. கோவிந்தசாமி பொன்னி எப்போது வரும் என்று விதைக் கடைக்காரர்கள் கேட்கிறார்கள். பட்டத்தின் நகலைச் சட்டம் போட்டு, ஆலை லைசென்ஸுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். முழுக்க லத்தீன். எம்.ஏ. உட்பட ஒருவராலும் ஒரு வரிக்குக்கூட அர்த்தம் சொல்ல முடியவில்லை; அதனால் நெல் கொண்டுவருகிறவர்கள் அதன் கீழே நின்று பேசும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள்.

ஊறல் தொட்டியில் இப்போது தினமும் தண்ணீரை இறக்கிப் புதுத் தண்ணீர் விடுகிறோம். மோட்டாரும் கூடுதலாக ஓடுகிறது, கரண்ட்டும் போகிறது. "இது எதுக்கு மொதலாளி, மூணு நாள் ஒரே தண்ணியில ஊறுனா ஆகாதா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் சுவரைக் காட்டி, லத்தீனில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்கிறேன். அதற்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை.